நான் சேர்த்த ஒன்பது ‘மாட்டாள்’

நவம்பர் 2, ஞாயிறு

இந்த நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டுவது பேச்சியாக இருந்தால்: உன் தேங்காயெண்ணெய் பாட்டிலில் விளக்கெண்ணெய் ஊற்றியது நான் இல்லை. வேறு யாராவது என்றால்: நான்தான்.

என் பெயர் உலகம்மாள். பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் உலகு, பள்ளியில் குளோப். அக்கா பேச்சியம்மாள், பதினெட்டு வயது, சுருக்கமாகப் பேச்சி. இரண்டும் சாமி பெயர்கள். ஆனால் இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் பேச்சு என்று மிச்சம் இருப்பது பேச்சி மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. எதற்குச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஆளுக்கொரு தேதியும் சொல்வார்கள்.

அப்பா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று ஊருக்கே சொல்வார். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒருவர் வாயில் இருப்பதை இன்னொருவருக்குச் சொல்ல மட்டும் இவர்களுக்கு ஆள் வேண்டும்.

“பேச்சி, அவுகளுக்குக் காப்பி வேணுமான்னு கேளு.”

“அப்பா, காப்பி வேணுமா?”

“அரை தம்ளர் போதும்னு உங்க அம்மாட்ட சொல்லு.”

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. கதவு கழன்று இரண்டு வருடமாகிறது. அரை தம்ளர் என்று அப்பா சொல்லும்போதே அம்மா அரை தம்ளர் ஊற்றியிருப்பாள். ஆனாலும் பேச்சி வந்து சொன்ன பிறகுதான் கொடுப்பாள்.

நவம்பர் 4

பேச்சி சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள். டிசம்பர் 7, மதுரையில். பிளஸ் டூ முடித்துவிட்டு இதற்காகவே ஒரு வருடம் வீட்டில் இருக்கிறாள். கல்லூரி வடக்கே. ரயிலில் இரண்டு நாள். ஐந்து வருடப் படிப்பு.

ஐந்து வருடம் என்றால் எனக்கு இருபத்தொன்று ஆகிவிடும். சும்மா எழுதினேன்.

தேர்வில் புதிர்க் கணக்கு என்று ஒரு பகுதி. எட்டு பேர் வட்ட மேசையில் உட்காருவார்கள், ஏழு பேர் ஏழு கிழமையில் ஊருக்குப் போவார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேச்சி பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்.

“எனக்குக் கணக்கு புரியலையா, இங்கிலீஷ் புரியலையான்னு மொதல்ல தெரியணும். நீ தமிழ்ல எழுதிக் குடு உலகு. தமிழ்ல வந்துட்டா இங்கிலீஷ் பாடு. தமிழ்லயும் வரலைன்னா என் பாடு.”

தேர்வுக்கு முன்பே வக்கீல் மாதிரி பேசுகிறாள். புத்தகம் நூலகத்துடையது, இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். நான் இங்கிலீஷ் மீடியம், கையெழுத்தும் முத்து. அறுபது கணக்குகளை மொழிபெயர்த்து எழுத வேண்டும். கடைசிப் பக்க விடைகளை வைத்துத் திருத்துவதும் நானே. கூலி: ஒரு மாதம் என் துணிகளை அவள் மடிப்பாள்.

நவம்பர் 8, சனி

பேச்சி மும்முரமாக இருப்பதால் தூது வேலை சில சமயம் என் தலையில் விழுகிறது.

பேச்சியின் முறையை இன்றைக்குத்தான் கவனித்தேன். அம்மா சொன்னது: “வேலைக்குப் போறதுக்குள்ள அந்த சிலிண்டர மாட்டிட்டுத் தொலையச் சொல்லு.” பேச்சி போய்ச் சொன்னது: “அப்பா, சிலிண்டர மாட்டித் தாரீங்களான்னு அம்மா கேக்கா.” நாலு எட்டு தூரத்தில் ‘தொலைய’ தொலைந்துவிட்டது. அம்மாவுக்கும் காது கேட்டிருக்கும். திருத்தவில்லை.

மதியம் என் முறை. அம்மா: “குழம்பு சூடா இருக்கு, வேணும்னா இப்பவே சாப்பிடச் சொல்லு.” நான்: “வேணும்னா சாப்பிடணுமாம்.” குழம்பில் இருந்த சூட்டை எடுத்தேன். அது அப்பாவுக்கு ஏறிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. அம்மா சாப்பிடாமல் தன் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள்.

நவம்பர் 9

அப்பா வெளியில் சாப்பிட்டார்.

நவம்பர் 10

இன்றும்.

நவம்பர் 11

பேச்சி சரிசெய்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பா வீட்டில் சாப்பிட்டார்.

டிவிக்கு எதிரே பாயில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். வாசல் பக்கம் அப்பா, அப்புறம் பேச்சி, அப்புறம் நான், அடுக்களைப் பக்கம் அம்மா. பேச்சி மோரை அப்பாவுக்கு ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, “நான் போன பொறவு இதெல்லாம் நீதான்டி பாத்துக்கிடணும்” என்றாள்.

“எதெல்லாம்?”

“இதான்” என்று மோர்ச் சொம்பை என் கையில் கொடுத்தாள்.

மோர் புளித்திருந்தது.

நவம்பர் 12

முதல் இருபது கணக்குகளை எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் சின்ன விளையாட்டு ஒன்று செய்திருக்கிறேன். இருப்பதிலேயே சின்னக் கணக்கு இது:

ஐந்து பெண்கள் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்காருகிறார்கள். எஸ் நட்டநடுவில். டி, எஸ்ஸை ஒட்டி இடப்பக்கம். க்யூவும் ஆரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். பி எங்கே?

விடை: பி இடது ஓரத்தில். மூன்றாவது இடம் எஸ், இரண்டாவது டி. மிச்சம் ஒன்று, நான்கு, ஐந்து. க்யூவும் ஆரும் சேர்ந்து உட்கார நாலும் அஞ்சும்தான் உண்டு. பி-க்கு ஓரத்தை விட்டால் வேறு கதி இல்லை.

நான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “பி ஓரத்தில் உட்காரமாட்டாள்.”

அவ்வளவுதான். ஒரு மாட்டாள். இப்போது பி நாலில் உட்கார்ந்தால் தோழிகள் இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். உலகத்தில் எவராலும் போட முடியாது. (உலகுவாலும்தான்.) இருபதில் மூன்று கணக்குகளுக்கு இப்படி ஆளுக்கொரு மாட்டாள் மாட்டிவிட்டிருக்கிறேன். ஒரு நாள் திணறட்டும். அப்புறம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம்.

நவம்பர் 14

பேச்சி பி-யோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாள். பென்சிலைக் கடித்துக் கடித்து அது மரவள்ளிக் குச்சி மாதிரி ஆகிவிட்டது.

“வரலையா?” என்றேன்.

“ஏதோ ஒண்ண நான் தப்பாப் புரிஞ்சுக்கிடுதேன்.”

“புத்தகத்துல தப்பா இருக்குமோ?” வேண்டுமென்றேதான் வாயைக் கிளறினேன்.

“கோட்டி மாதிரி பேசாத. அச்சடிச்ச புத்தகத்துல தப்பு இருக்குமா? எனக்குத்தான் ஓடலை.”

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அப்போது அம்மா கூப்பிட்டாள், போய்விட்டேன்.

(அம்மா கூப்பிடவில்லை.)

நவம்பர் 16, ஞாயிறு

அடுத்த நாற்பதும் எழுதி முடித்தேன். அதில் ஆறு மாட்டாள். மொத்தம் ஒன்பது. விடைகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன்.

முதலில் மூன்று விளையாட்டுக்கு. மற்ற ஆறும் எதற்கு என்று இந்த நோட்டு கேட்கிறது. நோட்டுக்கு வாய் இல்லை, அதனால் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 18

மழை. பேச்சியின் தாளில் சிவப்பு மையில் தப்பு போட்டேன். என் பேனா நன்றாக எழுதியது.

நவம்பர் 20

பேச்சி சாப்பிடும்போதும் பாயில் விரலால் கோடு போடுகிறாள். அம்மா தந்த செய்தியை இன்று முதல் தடவையாக அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்: “நீங்க பேருக்குத்தான் வீட்டுக்கு வாரீகளாம்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்பா தட்டில் கை கழுவினார்.

நவம்பர் 22, சனி

பேச்சி தேர்வு எழுதப்போவதில்லை.

தாள்களை எல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கிண்டல் செய்திருப்பேன், கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“இருக்கதுலயே லேசான கணக்கு, உலகு. அஞ்சே பேரு, ஒரே பெஞ்சு. அதக்கூட ஒக்கார வைக்க முடியலை என்னால. அங்க வாரவ எல்லாம் எட்டுப் பேர வட்டமா ஒக்கார வப்பா. இங்கனயே ஒரு டிகிரியில சேந்துக்கிடுதேன்.”

“இங்கனயேன்னா வீட்டுல இருந்தேவா?”

“பொறவு?”

அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா, “அவுகட்டயும் சொல்லிரு” என்றாள். அப்பாவிடமும் சொன்னாள். “உங்க அம்மா என்ன சொல்லுதா?” என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே மாதிரி முகம் வைத்திருந்ததை இன்றுதான் பார்த்தேன். நடுவில் நின்ற பேச்சி மட்டும் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஏன் என்று எழுதவில்லை.

நவம்பர் 23

பேச்சி என் துணிகளை மடித்து வைத்திருக்கிறாள். கூலியாம். கணக்கு தீர்ந்தது என்கிறாள். எந்தக் கணக்கு?

நவம்பர் 25

பள்ளியிலிருந்து வந்தபோது பரணிலிருந்த சுருள் தரையில் விரிந்து கிடந்தது. பேச்சி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுருட்டிக்கொண்டாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. தூசி தட்டுதேன்.”

நவம்பர் 26

என் கணக்கு நோட்டுக்குள் ஒரு துண்டுத் தாள். பேச்சியின் கையெழுத்து.

‘மூன்று பேர் ஒரு பாயில் வரிசையாக உட்காருகிறார்கள். அப்பா, அம்மா, உலகு. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார். எத்தனை விதமாக உட்காரலாம்? உலகு எங்கே?’

இரண்டு விதம். அப்பா, உலகு, அம்மா. அம்மா, உலகு, அப்பா.

இரண்டிலும் நடுவில் நான்.

போட்டு முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. கீழே இன்னும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘இதுக்காகத்தானே?’

வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வேதியியல் டீச்சர் ஏதோ கேட்டார். எழுந்து நின்று “ரெண்டு விதம் மிஸ்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நான் ஜோக் அடிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 27

சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில், அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது.

“அக்கா, நான் சில கணக்குல ஒரு வரி சேத்தேன்.”

“தெரியும். வராத கணக்க எல்லாம் வரிசையா அடுக்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் கடைசி வரி மாட்டாள்னு முடியுது. பொறவு ஒவ்வொண்ணுலயும் அந்த வரிய மட்டும் மறைச்சுக்கிட்டுப் போட்டேன். ஓடுது. எத்தன?”

“ஒம்பது.”

“ஏழுதான் கண்டுபிடிச்சேன்.”

“பதினாறும் நாப்பத்தி ரெண்டும் பாக்கி இருக்கும். அதுல வரிய நடுவுல செருகினேன்.”

இந்த இடத்தில் இருவரும் சிரித்திருக்கலாம். எனக்கு உதடு கூட அதற்குத் தயாராகிவிட்டது. பேச்சி கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

“ரெண்டு வாரமா நான் கோட்டின்னு நினைச்சேம்ட்டி. ஒவ்வொரு ஆளையும் தூக்கித் தூக்கி ஒக்கார வச்சு, வைக்க முடியாம, எனக்கு மண்டையே கிடையாதுன்னு நினைச்சேன். நீ பக்கத்துல ஒக்காந்து சிவப்பு மையில தப்பு போட்ட.”

“நீ போயிட்டன்னா...”

“போயிட்டன்னா?”

கிளிப் டப்பாவை மூடினேன். எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பேன் நான்.

பேச்சி துணிக்கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

நவம்பர் 29, சனி

பேச்சி மறுபடி படிக்கிறாள். ஐம்பத்தொரு கணக்குகள் சரியானவை. ஒன்பதில் வரியை அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். அறுபதுக்கு ஐம்பத்தேழு. திருத்தியது அவளே. விடைப் பக்கத்தை நகல் எடுக்க நூலகத்துக்கே போய் வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

நவம்பர் 30

இன்று இரவுச் சாப்பாட்டில் மாற்றம். பேச்சி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “அவள ஊறுகாய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா.”

ஊறுகாய் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பேச்சியின் முழங்கை அதற்கு அடுத்து இருந்தது.

அம்மா கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அப்பாவும் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மா மெதுவாக, “உலகு, அக்கா ஊறுகா கேக்கா” என்றாள்.

தள்ளினேன்.

டிசம்பர் 1

“அவ குளிச்சாச்சான்னு கேளும்மா.”

“அவ என் பென்சில எடுத்தாளான்னு கேளும்மா.”

அம்மா ஒவ்வொன்றையும் கேட்டாள். சாயந்தரம் அடுக்களையில் தனியாக நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் நறுக்கவில்லை.

டிசம்பர் 3

அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. தமிழ்த் தாளில் எதிர்மறை வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். எழுதினேன்: பேசமாட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

நான் பேசிப் பார்த்தேன். “அக்கா, மன்னிச்சிரு” என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் அனுமதிச் சீட்டின் நகலை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அம்மாவும் வீட்டில் இல்லை, யார் மூலமாகப் பதில் சொல்வாள்?

ஒன்றரை வருடம் இப்படி இருக்க அப்பா அம்மாவால் எப்படித்தான்...

டிசம்பர் 6, சனி

பேச்சி மதியம் மதுரைக்குக் கிளம்பினாள். கூடப் படித்த அமலோற்பவமும் அவள் அம்மாவும் துணை. ராத்திரி அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கல், நாளை காலையில் தேர்வு. எந்த பஸ், எந்த நடைமேடை, எத்தனை மணி என்று அப்பா தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பொட்டலத்துக்கு மேல் அந்தத் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டது பேச்சி.

பேருந்து நிலையத்தில் அப்பா வேலையில் இருந்தார். அம்மா நிழலில் நின்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வரை போனேன். உள்ளிருந்து கை நீட்டி வாங்கினாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா விசிலை வாயில் வைத்தார்.

“ஏட்டி.”

எனக்குத்தான். நேராக எனக்கு.

“அப்பா உப்பு கம்மின்னு சொன்னா, உப்பு வேணுமாம்னு சொல்லு. அம்மா தொலையச் சொன்னா, வரச் சொன்னான்னு சொல்லு. ரொம்ப யோசிக்காத. ஒரு சொல்லு மாத்தினா போதும். உனக்குத்தான் நல்லா வருமே.”

அப்பா விசில் ஊதினார். வழக்கத்தைவிட அரை நிமிடம் தாமதம். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. பேச்சி இந்நேரம் தேர்வு முடித்து வெளியே வந்திருப்பாள். இன்னும் போன் வரவில்லை.

மதியம் பாய் விரித்தேன். மூன்று தட்டு. அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். கணக்கு சொன்ன இடத்தில்தான்.

“உங்க அம்மாவையும் வரச்சொல்லு” என்றார்.

போனேன். அம்மா அடுப்புத் திட்டில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா சாப்பிடக் கூப்பிடுதாகம்மா.”

“பிள்ள அங்கன சாப்பிட்டாளோ என்னமோ. எனக்கு எறங்காது. நான் இப்ப வரமாட்டேன், அவுகள சாப்பிடச் சொல்லிரு.”

நாலு எட்டு. கதவில்லாத நிலை. நான் சொல்வது அவள் காதில் விழும் என்று எனக்குத் தெரியும்.

“அம்மா வாராளாம்ப்பா. செத்த நேரம் இருக்கணுமாம்.”

அப்பா பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். தட்டை ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அடுக்களையில் சத்தமே இல்லை. மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். “நான் எப்பட்டி சொன்னேன்?” என்று ஒரு குரல் வரும். அப்பா எழுந்து செருப்பைத் தேடுவார். மூன்று நாள் வெளியில் சாப்பிடுவார். அடுத்த வருடம் இப்படி நடந்தால், ரயிலில் இரண்டு நாள் தூரத்திலிருந்து பேச்சி வந்து சரிசெய்ய மாட்டாள்.

அப்புறம் குழாய் திறந்து மூடியது. அம்மா ரசச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் முழங்காலால் என் தொடையில் ஒரு இடி.

அப்பா சாப்பிட ஆரம்பித்தார். ரசத்துக்கு உப்பு கம்மிதான். மூன்று பேருக்கும் தெரியும்.

ஒன்பது சேர்த்தேன். இன்று ஒரு ‘மாட்டேன்’ எடுத்திருக்கிறேன். இன்னும் எட்டு இருக்கிறது.